அடைகோழி

தளேகாவ் ஸ்டேஷன்,
ஏப்ரல் 14.

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. ஊருக்கு நீ ஐயர். சபைக்கு முன்னால் நானும் எழுந்து நின்று "ஐயா" என்றுதான் சொல்வேன். ஆனால் உனக்குப் பேன் பார்த்துத் தலை வாரிவிட்ட கை இதை எழுதுகிறது. அதனால் நீ, வா, போ என்றுதான் வரும். பொறுத்துக்கொள்.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். "கர்த்தர் நடத்துகிறார்" என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறாய். "தளேகாவ் தமிழ் சபைக்கு ஜூனில் குடும்பமாக வருகிறோம்" என்று ஒரு இடத்தில். உன் வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்று ஒரு இடத்திலும் இல்லை. மறுநாள் மத்தியானம் அவளே போன் பண்ணினாள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது, பிள்ளைகள் சுகமா, அங்கே வெயில் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வைக்கப்போகிற நேரத்தில், "அங்கே மாடியில் துணி காயப்போட இடம் இருக்கா?" என்றாள். அப்புறம் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. முப்பத்துநாலு வருஷம் ஐயரம்மாவாக இருந்தவள் நான். வர மனசில்லாதவள், வரமாட்டேன் என்று சொல்லவும் முடியாதவள், இப்படித்தான் கேட்பாள்.

உன் மாமாவுக்கு ஒன்பது இடமாற்றம். இரண்டாவது இடமாற்றத்தை மட்டும் சொல்கிறேன். உன் அத்தான் அப்போது கைக்குழந்தை. தேரிப் பக்கம் ஒரு சேகரம், ஊர்ப்பெயர் வேண்டாம். குருமனைக்குப் பின்னால் நாட்டுக்கோழி வளர்த்தேன். பதினொரு முட்டை வைத்து ஒரு கோழியை அடைக்கு உட்கார்த்தியிருந்தேன். இருபத்தோரு நாளில் பொரிக்கும். பதினேழாம் நாள் மாற்றல் உத்தரவு வந்தது. புதுச் சேகரத்தார் லாரி பேசிவிட்டார்கள், விடிந்தால் வந்து நிற்கும் என்றார் மாமா. "ஒரு வாரம் தள்ளிச் சொல்லக் கூடாதா?" என்றேன். "கோழிக்காகவா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் பிரசங்க பீடத்தில் வைக்கிற முகத்தை வைத்துக்கொண்டு, "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்றார்.

ஓலைப்பெட்டியில் உமி பரப்பி, முட்டைகளை அடுக்கி, கோழியை மேலே உட்கார்த்தி, பழைய சேலையைப் போட்டு மூடிக்கொண்டேன். டிரைவர் பக்கத்தில் நான். மடியில் ஒரு பக்கம் பிள்ளை, மறு பக்கம் பெட்டி. மேட்டிலும் பள்ளத்திலும் தூக்கிப் போட்ட லாரியில் ஒரு முட்டைகூட உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். புது வீட்டில் அடுக்களை மூலையில் இருட்டாகப் பார்த்து வைத்தேன். கோழி எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு வெளியே போய்விட்டது. பிடித்து வந்து உட்கார்த்தினேன். மறுபடியும் போய்விட்டது. இடம் மாறின கோழி அடையில் நிற்காது என்று உபதேசியார் வீட்டம்மா அப்புறம்தான் சொன்னார்கள். ஐந்தாம் நாள் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தேன். சிறகு முளைத்த குஞ்சு சுருண்டு கிடந்தது. மற்ற பத்தையும் உடைக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் வாழைக்கு அடியில் புதைத்தேன்.

அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் மாமா, பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்த்த தயவுக்காக ஸ்தோத்திரம் சொன்னார். நான் ஆமென் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டார். "அடைகோழி இருந்தது கர்த்தருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியவில்லை" என்றேன். கல்யாணமாகி அதுவரை நான் அவரை எதிர்த்துப் பேசினதில்லை. அவர் நல்ல மனுஷன், உனக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அடுத்த மாற்றலிலும் லாரியைத்தான் முதலில் பேசினார்.

உனக்கு அழைப்பு வந்தது பொய் என்று நான் சொல்லவில்லை. அதை விசாரிக்க நான் யார். ஆனால் அழைப்பு உன் காதில் விழுந்தது. அவள் காதில் இன்னும் விழவில்லை. விழவில்லை என்று அவள் உன்னிடம் சொல்ல வீட்டில் இடம் இருக்கிறதா? அதை மட்டும்தான் கேட்கிறேன். "கர்த்தர் நடத்துகிறார்" என்று ஐயர் சொல்லிவிட்டால் பெண்சாதி என்ன பதில் சொல்வாள்? கர்த்தரோடு வழக்காடுகிறவளாக அல்லவா ஆகிவிடுவாள்! நம் வீடுகளில் பாதிப் பேச்சு இந்த ஒரு வாக்கியத்தில்தான் வாயடைத்துப் போயிருக்கிறது.

அவள் விட்டுவிட்டு வரப்போவது என்ன என்று எண்ணிப் பார்த்தாயா? எய்டட் பள்ளியில் பதினொரு வருஷ வேலை. உன் சம்பளத்தில் மாதம் இருபது தேதிக்கு மேல் உங்கள் வீட்டு அடுப்பு எரிகிறதா என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இங்கே கமிட்டியார் தரப்போகிற படியில் வாடகை போக மிச்சம் என்ன என்று இன்னும் யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரியவள் ஏழு முடித்து எட்டுக்குப் போகிறாள். மகாராஷ்டிரத்தில் 2020இல் வந்த சட்டப்படி எந்தப் பாடத்திட்டப் பள்ளியானாலும் மராத்தி படித்தாக வேண்டும். வெளிமாநிலப் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டா என்று பள்ளியில் கேட்டுப் பார்க்கலாம். எப்படியானாலும் வகுப்பில் எல்லாரும் பேசுகிற பாஷை அதுதான். இந்தி எழுத்தே தெரியாத பிள்ளை, பதிமூன்று வயதில் முதலிலிருந்து எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். அது கெட்டிக்காரி, படித்துவிடும். ஆனால் வகுப்பில் முதல் மார்க் வாங்கின பிள்ளை கடைசி பெஞ்சில் போய் உட்காருகிற அந்த முதல் ஆறு மாதத்தை யார் கூட இருந்து தாங்குவது? நீ அந்நேரம் யார் வீட்டிலாவது ஜெபம் பண்ணிக்கொண்டிருப்பாய்.

ஆகையால் என் யோசனை இது. ஜூனில் நீ மட்டும் வா. பள்ளி வருஷம் முடியும்வரை அவர்கள் அங்கேயே இருக்கட்டும். அடுத்த மே மாத லீவில் மூன்று பேரும் இங்கே வந்து இருபது நாள் இருந்து பார்க்கட்டும். பள்ளியைப் பார்க்கட்டும், சபையைப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு அவள் சொல்லட்டும். ஊதியமில்லா விடுப்பு ஒரு வருஷத்துக்குக் கிடைக்குமா என்று பள்ளித் தாளாளரிடம் அவளே கேட்கட்டும், நீ போய்ப் பேசாதே. ஐயர் கேட்டால் அது ஒரு மாதிரி ஆகிவிடும்.

கமிட்டியார் முணுமுணுப்பார்கள். "குடும்பமாக வருகிற ஐயர்தான் வேண்டும்" என்று இங்கே பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்தது. அதற்கு அர்த்தம் உனக்குத் தெரியாததல்ல. ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஊழியர். பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பள்ளி, அசனத்துக்குக் காய் நறுக்க ஆள் திரட்டுவது, நேரங்கெட்ட நேரத்தில் வருகிறவர்களுக்குக் காப்பி போடுவது எல்லாம் நான் முப்பத்துநாலு வருஷம் செய்தேன். சந்தோஷமாகவும் செய்திருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டும் செய்திருக்கிறேன். ஒரு பதிவேட்டிலும் என் பேர் கிடையாது. அவளுக்கு மனசிருந்தால் செய்வாள். கூலியில்லாமல் சேர்த்துப் பேசிவிட அவள் உன் பெட்டி படுக்கை அல்ல.

வேதத்தில் இடமில்லை என்று யாராவது சொன்னால் யாத்திராகமம் பதினெட்டைத் திறந்து காட்டு. மோசேயைவிடப் பெரிய அழைப்பு யாருக்கு வந்தது? அவன் பெண்சாதி சிப்போராளும் இரண்டு மகன்களும் எத்திரோவின் வீட்டில்தான் இருந்தார்கள். ஜனத்தை வெளியே கொண்டுவந்து பாளயமிறங்கின பிறகுதான் மாமனார் அவர்களை அழைத்துக்கொண்டு வருகிறார். வந்தவர் சும்மா போகவில்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒற்றை ஆளாய் உட்கார்ந்து எல்லா வழக்கையும் நீயே கேட்டால் தொய்ந்துபோவாய் என்று மருமகனுக்குப் புத்தி சொல்லிவிட்டுத்தான் போகிறார். மோசே கேட்டுக்கொண்டான். அத்தை சொல்வதை நீ கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

இங்கே பக்கத்து வீட்டில் ஒரு மாவ்ஷி இருக்கிறார்கள். மராத்திக்காரர்கள் பெரியம்மா சித்தி வயசுக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மத்தியான நேரத்தில் மராத்திப் புத்தகம் வாசித்து எனக்கு இந்தியில் சொல்வார்கள். என் இந்தி இந்த ஊர்க் காய்கறிக் கடையில் படித்த இந்தி. அதை வைத்துக்கொண்டே லக்ஷ்மிபாய் திலக் எழுதின 'ஸ்மிருதி சித்ரே' முழுவதையும் போன மழைக்காலத்தில் கேட்டு முடித்தேன். லோகமான்ய திலகர் வீட்டுப் பெண் என்று நினைத்துவிடாதே. இவர் நாராயண் வாமன் திலக்கின் மனைவி. சித்பாவன பிராமணராய்ப் பிறந்து, 1895இல் மும்பையில் ஞானஸ்நானம் பெற்று, அகமத்நகர் அமெரிக்கன் மராத்தி மிஷனில் ஊழியம் செய்த கவிஞர் அவர். மராத்தி சபைகளில் இன்றைக்கும் அவர் பாட்டுத்தான். பக்திக் கவி துக்காராமின் வழியாகத்தான் கிறிஸ்துவிடம் வந்தேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அந்தத் துக்காராமின் ஊரான தேஹூ இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனி மாதம் அங்கிருந்து பண்டரிபுரத்துக்குப் பல்லக்கு புறப்படும். ஜனம் ஆறு மாதிரி போகும். முதல் வருஷமே போய்ப் பார்.

நான் சொல்ல வந்தது லக்ஷ்மிபாயைப் பற்றி. திலக் அவருக்குத் தெரியப்படுத்தாமலே ஞானஸ்நானம் எடுத்துவிட்டார். பதினோரு வயதில் கட்டிக்கொடுத்த பெண். ஆசாரமான வீடு. தலையில் இடி விழுந்த மாதிரி இருந்திருக்கிறது. உறவினர் வீட்டில் அழுது புலம்பிக்கொண்டு நாலைந்து வருஷம் பிரிந்து இருந்தார். பிறகு பிள்ளையோடு கணவனிடம் வந்தார். வந்த அன்றைக்கே கிறிஸ்தவளாகிவிடவில்லை, தன் ஆசாரத்தோடுதான் இருந்தார். சாதியும் தீட்டும் மனுஷர் உண்டாக்கினது என்று ஒரு நாள் தானாகவே யோசித்துத் தெளிந்தார். தெளிந்த பிறகு அவரைத் தடுக்க யாராலும் முடியவில்லை. 1900இல் ஞானஸ்நானம். கணவன் போன பிறகு, அவர் பாதியில் விட்டுப்போன 'கிறிஸ்தாயன்' காவியத்தை உட்கார்ந்து எழுதி முடித்தவரும் இந்த அம்மாதான். வளர்ந்த பிறகுதான் எழுத்துக் கற்றுக்கொண்டவர்!

அந்தப் புத்தகத்தில் புருஷனைப் பற்றி எழுதியிருப்பதைக் கேட்டு நானும் மாவ்ஷியும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். கையில் காசு நிற்காத மனுஷன், வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஆள் கூட்டி வருகிற மனுஷன். எனக்குப் பழக்கமான ஆள்தான்! சிரித்துக்கொண்டே எழுதியிருந்தாலும் அந்த முதல் ஐந்து வருஷத்தின் வலியை அந்த அம்மா மறைக்கவில்லை. திலக் பெரிய பக்தர், பெரிய கவி. ஆனாலும் அவர் செய்தது தப்பு என்றுதான் நான் சொல்வேன். கிறிஸ்துவுக்காக விட்டது தப்பல்ல. அவளிடம் சொல்லாமல் விட்டது தப்பு. பிறகு அவர் செய்த நல்ல காரியம், அவளாக நடந்து வரும்வரை காத்திருந்தது. நீ பின்னதை எடுத்துக்கொள்.

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய், காப்பி குடித்துவிட்டு வந்தேன். எழுதிவிடுகிறேன். உன் அத்தான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஜனவரியில் மாற்றல் வந்தது. மூன்று மாதம் தள்ளிக் கேட்டிருக்கலாம். அவனைச் சிநேகிதன் வீட்டில் விட்டுவிட்டாவது போயிருக்கலாம். ஐயர் பிள்ளை கண்ட வீட்டில் தங்குவதா என்று மாமா சம்மதிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கோழிக்காகப் பேசின நான் பிள்ளைக்காகப் பேசவில்லை, பார்த்துக்கொள். அவன் தினமும் இரண்டு பஸ் மாறிப் பழைய ஊருக்குப் போய்ப் பரீட்சை எழுதினான். பாஸாகிவிட்டான், நல்ல மார்க்குந்தான். ரொம்ப வருஷம் கழித்து ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அப்பாவுக்கு அழைப்பு வந்தது. எனக்கு ஹால் டிக்கெட் வந்தது. ரெண்டும் ஒரே ஊரில் இல்லை." இருபது வருஷத்துக்கு மேலாகிறது அவன் கோவிலுக்குள் காலடி வைத்து. கிறிஸ்மஸுக்கு என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு பைக் நிற்கிற இடத்தில் நிற்பான். அப்பாவின் அடக்க ஆராதனையில் மட்டும் உள்ளே வந்தான். பாமாலை கையில் இல்லாமல் ஒரு அடி விடாமல் எல்லாப் பாட்டும் பாடினான். நான் அதைப் பற்றி அவனிடம் இதுவரை கேட்கவில்லை.

அது போகட்டும். ஊரைப் பற்றிக் கேட்டிருந்தாயே.

மராத்தியில் தளே என்றால் குளம். தளேகாவ் என்றால் நம் பாஷையில் குளத்தூர்தான். நாகர்கோவில்–மும்பை ரயிலில் புனேயில் இறங்கி லோணாவளா லோக்கல் பிடித்தால் தேஹூ ரோடு, பேக்டேவாடி, கோராவாடி தாண்டி இந்த ஸ்டேஷன். மராட்டியப் படைத்தலைவர்களாக இருந்த தாபாடே குடும்பத்தின் ஊர் என்பதால் முழுப்பெயர் தளேகாவ் தாபாடே. 1779 ஜனவரியில் மும்பையிலிருந்து புனேயைப் பிடிக்கப் புறப்பட்டு வந்த ஆங்கிலேயப் படை இதுவரை வந்து, மேலே போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், பெரிய பீரங்கிகளை இந்தக் குளத்தில் தள்ளிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பி, பக்கத்து வட்காவில் சரணடைந்தது. சரித்திரத்தில் அது அவர்களுக்கு அவமானம்தான். ஒன்பது தரம் வீடு மாற்றின எனக்கு, கனமான சாமானைக் குளத்தில் தள்ளிவிட்டுப் போனவர்கள் மேல் கொஞ்சம் பொறாமை.

தமிழர் இந்தப் பக்கம் வந்தது இன்று நேற்றல்ல. கட்கி, தேஹூ ரோடு ராணுவக் கிடங்குகள் வழியாக வந்து மூன்று தலைமுறையாக இருக்கிறவர்கள் உண்டு. அவர்கள் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. அடுத்தது கார்க் கம்பெனி ஜனம். இங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2008இல் திறந்தது, 2020 டிசம்பரில் உற்பத்தி நின்றது. கொரோனாவும் அதுவும் சேர்ந்து வந்த அந்த வருஷத்தில் நம் கூட்டத்திலும் அழுகை இருந்தது. அதே ஆலையை 2024 ஜனவரியில் ஹூண்டாய் வாங்கிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அவர்களுக்கு ஆலை இருக்கிறது அல்லவா, அங்கிருந்து மாற்றலாகி வந்த குடும்பங்களும் இப்போது நம் ஆராதனையில் உட்காருகின்றன. இடமாற்றம் ஐயர்மாருக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டு வராதே. உனக்கு முன்னால் பெஞ்சில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணும் எதையாவது விட்டுவிட்டு வந்தவள்தான்.

ஒரு மராத்தி சபையின் கோவிலை ஞாயிறு பிற்பகல் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஐந்தரைக்குச் சாவி கொடுத்துவிட வேண்டும். நீ நீளப் பிரசங்கி என்று கேள்விப்பட்டேன். அந்தச் சாவி உன்னைத் திருத்தும்.

ஐம்பது அறுபது பேர் இருக்கிற கூட்டத்தில் நாகர்கோவில்காரர், திருநெல்வேலிக்காரர், தஞ்சாவூர்ப் பக்கத்து லுத்தரன், சென்னை மெத்தடிஸ்ட், பெந்தெகொஸ்தே மருமகள்கள் எல்லாரும் உண்டு. ஒரே பாமாலைப் பாட்டுக்கு மூன்று ராகம். ஒருத்தர் முழங்கால் போடும்போது ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். எங்கள் ஊர் முறைதான் முறை என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். முதல் வருஷம் எதையும் மாற்றாதே. ராகத்தைக்கூட. உனக்கு முன்னால் இருந்தவரைப் பற்றி யார் குறை சொன்னாலும் கேட்டுக்கொண்டு தலையாட்டாதே. "அவர் எனக்கு மூத்தவர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்று. இன்றைக்கு அவரைச் சொல்கிறவர் நாளைக்கு உன்னைச் சொல்வார்.

முதல் ஞாயிறு வாசலில் கை குலுக்கும்போது நாலு பேராவது "ஐயாவுக்கு ஊர் எது?" என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால், "அங்கே எந்தப் பக்கம்?" தெருவைச் சொன்னால், "அப்போ இன்னார் உங்களுக்கு வேணுமா?" ஊரைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி அல்ல அது என்று உனக்கே தெரியும். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தும் நம் ஜனம் இதை மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கிறது. பீரங்கியோடு குளத்தில் தள்ள வேண்டியது இதுதான். "இப்போது தளேகாவ்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் கையைப் பிடி. முதல் மாதத்தில் எந்த வீட்டில் அதிகம் சாப்பிடுகிறாய் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். அதனால் வாடகை வீட்டில் ஒற்றை அறையில் இருக்கிற பையன்கள் வீட்டில் முதலில் போய்ச் சாப்பிடு. என்ன பொங்கித் தருவார்கள் என்று கேட்காதே.

பணம். இங்கே ஒரு குடும்பம் கை தாராளமாகக் கொடுக்கும். நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் காணிக்கையில் மட்டும் உன் வாடகை போகிற மாதிரி வைத்துக்கொள்ளாதே, கடனும் வாங்காதே. நம் அம்மாமார் உலை வைக்கும்போது கலயத்தில் போட்ட கைப்பிடி அரிசியில் எத்தனை ஊழியம் நடந்தது! இந்த ஊருக்கும் அப்படி ஒரு கதை உண்டு. ஆளுக்கு ஒரு பைசா என்று ஜனங்களிடம் திரட்டின 'பைசா பண்ட்' பணத்தில் 1908இல் தளேகாவில் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கினார்கள், சுதேசி நாட்களில். ஒருத்தரிடம் ஆயிரம் வாங்குவதைவிட ஆயிரம் பேரிடம் ஒன்று வாங்குவது சிரமம். ஆனால் வாங்கின பிறகு வாயைத் திறந்து பிரசங்கம் பண்ணலாம்.

பாஷை விஷயத்தில் மட்டும் உன்னை விரட்டுவேன். தமிழ் சபைக்குத்தானே வருகிறேன் என்று இருந்துவிடாதே. வெள்ளாளன்விளையில் உபதேசம் செய்த ஐயர் வீட்டுப் பிள்ளை அசரியா, நல்ல ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டு 1909இல் நிஜாம் ராஜ்யத்து தோர்ணக்கலுக்குப் போனார். திருநெல்வேலியார் 1903இல் தொடங்கின இந்திய மிஷனெரி சங்கத்தின் களம் அது. கூடாரம் அடித்துத் தங்கி, முப்பத்தைந்து வயதில் தெலுங்கு படித்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 1945இல் தோர்ணக்கலிலேயே கண்மூடினார். அவர் வீட்டம்மா அன்பு அந்தக் காலத்திலேயே கல்லூரிவரை போன பெண். அசரியாவைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. அன்பு அம்மாள் கூடாரத்தில் ஆறு பிள்ளைகளில் யாரை எங்கே தூங்கவைத்தார்கள் என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் தேடிப் பார்த்தேன். நீ மராத்தி எழுத்தை இப்போதே தொடங்கு. உன் மகளோடு உட்கார்ந்து, ஒரே நோட்டில், இரண்டு பேரும் தப்பும் தவறுமாக. அப்பாவைவிடத் தனக்குச் சீக்கிரம் வருகிறது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும்.

சாமான் அதிகம் வேண்டாம். ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு வராதே. கருப்பட்டி நாலு கிலோ, புளி, என் முழங்காலுக்கு அந்த நாட்டு வைத்தியர் எண்ணெய் இரண்டு பாட்டில். இங்கே மாவள் பக்கத்து இந்திராயணி அரிசி நல்ல வாசனை. ஆனால் குழையும், குழம்பு ஊற்றிப் பிசைந்தால் களியாகிவிடும். கோலம் அரிசி வாங்கிக்கொள்ளலாம், நம் வாய்க்கு ஒத்துவரும்.

துணி காயப்போடுவது பற்றி உன் வீட்டுக்காரி கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, அன்றைக்கு நா எழவில்லை. நீ சொல்லிவிடு. மாடியில் இடம் இருக்கிறது, நல்ல வெயில் அடிக்கும். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர்வரை மட்டும் ஒன்றும் காயாது. எங்கள் வீட்டில் கூடத்தில் குறுக்கே மூன்று நைலான் கயிறு கட்டி, ஃபேனைப் போட்டு விட்டுவிடுவோம். பள்ளிச் சீருடையை மட்டும் ராத்திரி இஸ்திரி போட்டுக் காயவைக்க வேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேல் என் மகள் வேலைக்குப் போயிருப்பாள், வீட்டில் நான் ஒருத்திதான். உன் வீட்டுக்காரியைப் போன் பண்ணச் சொல். பேசும்போது நீ பக்கத்தில் நிற்காதே.

இப்படிக்கு,
உன் அத்தை